மொட்டை மூலை ஜன்னல் பக்கம்

அந்த ஆய்வகத்தில் அவளுக்கு ஜன்னலக்கா என்று பெயர். சம்பளப் பதிவேட்டில் வேறு பெயர்தான் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு அப்புறம்தான் திரும்பிப் பார்ப்பாள். பட்டப்பெயர் வந்த கதை சின்னது. அங்கே வேலைக்கு வருகிறவர் பெரிய படிப்புப் படித்தவரானாலும் சரி, தரை துடைக்க வந்தவரானாலும் சரி, முதல் நாளே அவரை நிறுத்தி வைத்து அவள் ஒரு மந்திரம் சொல்லிக் கொடுப்பாள்: "மொட்டை மூலை ஜன்னல் பக்கம்."

மொட்டை மூலை என்பது ஒரு தட்டின் மூலை. உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் தட்டு அது. அதில் பதினாறு வரிசை, வரிசைக்கு இருபத்து நான்கு குழி, ஆக மொத்தம் முந்நூற்று எண்பத்து நான்கு குழிகள். ஒரு மிளகை வைத்தால் ஒரு குழி நிறைந்துவிடும். ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு குழந்தையின் எலும்பு மஜ்ஜையிலிருந்து நோய்ச் செல்களைப் பிரித்தெடுத்து, குழிக்கு ஒரு சொட்டு விட்டு, குழிக்கு ஒரு மருந்து வைத்து, உடம்புச் சூட்டில் மூன்று நாள் வைத்திருப்பார்கள். எந்த மருந்துக்குச் செல்கள் செத்தன, எந்த மருந்தைக் கண்டுகொள்ளவே இல்லை என்று அதற்குப் பிறகு தெரியும். வழக்கமான மருந்துகளெல்லாம் கைவிட்ட பிள்ளைக்கு அடுத்து எதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர்களுக்குத் தட்டு ஒரு யோசனை சொல்லும். முடிவு அவர்களுடையது.

இந்தத் தட்டின் நான்கு மூலைகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் சீவி விட்டிருப்பார்கள். முதல் குழி எங்கே தொடங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். எந்தக் குழியில் செல் செத்தது என்று படிக்கும் மெஷினில் தட்டைத் திருப்பி வைத்துவிட்டால் முதல் குழி கடைசிக் குழியாகிவிடும். இங்கே செத்தது அங்கே செத்ததாகக் காட்டும். மெஷினுக்கு அது தெரியாது. இரண்டு விதமாகவும் வாங்கிக்கொண்டு, பவ்யமாகக் கதவை மூடிக்கொள்ளும். அதனால்தான் அந்த மந்திரம். மெஷினுக்கு இடது கைப்பக்கம் ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. மொட்டை மூலை ஜன்னலைப் பார்த்து இருந்தால் தட்டு சரி.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவள் பதினோரு வருஷம் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் முட்டை பார்த்தாள். இருட்டறையில் விளக்கின் மேல் முட்டையைப் பிடித்து, உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் வேலை. ஒரு முட்டைக்கு ஒரு நொடிக்கு மேல் ஆகக்கூடாது. பொரிப்பகத்தை மூடினார்கள். பள்ளிப் படிப்போடு நின்றுபோன அவள், கண்ணாடிக் குடுவை கழுவ ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆய்வகத்துக்கு வந்தாள். ஆய்வகத் தலைவர், எல்லோருக்கும் அவர் வெறும் சார், நேர்காணலில் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டார்.

"செல்லுன்னா என்னன்னு தெரியுமா?"

"மஞ்சக்கரு ஒரு செல்லுதானே சார்? லட்சக்கணக்குல பாத்திருக்கேன்."

சார் வேலையைக் கொடுத்தார். கழுவ வந்தவள் இரண்டு வருஷத்தில் தட்டுப் போடக் கற்றுக்கொண்டாள். "முட்டைக்கு முப்பத்தேழரை டிகிரி, செல்லுக்கு முப்பத்தேழு. அரை டிகிரிதானே கூடக் குறைச்சல்" என்பாள். அரை டிகிரிக்கு நடுவே இருக்கிற படிப்பையெல்லாம் அவள் யாரையும் தொந்தரவு செய்யாமல் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டே கற்றாள். கேட்டதையே இரண்டாம் தரம் கேட்டதில்லை.

அவளைப் பற்றி வெளியே யாரிடமாவது சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: அவள் வீட்டுப் பிள்ளைக்கு யாருக்காவது அந்த நோய் வந்ததா? வரவில்லை. ஒரு மகள், கல்லுக்குண்டாக இருக்கிறாள். ஒரு கணவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார், அவரும் அப்படித்தான். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ய வீட்டில் இழவு விழுந்திருக்க வேண்டுமா என்ன? சிலருக்கு ஒழுங்காகச் செய்தால்தான் தூக்கம் வரும். அவள் அந்த ரகம்.

இத்தனைக்கும் அவளிடம் மூன்று பழக்கங்கள் இருந்தன. மூன்றையும் சார் கேலி செய்வார். ஒன்று, செல் வந்த டியூபைக் காலியானதும் தூக்கிப் போட மாட்டாள். கொஞ்சம் நீர் விட்டு அலசி, சுழற்றி, அடியில் தங்கும் கடைசிச் சொட்டைத் தனியாக எடுத்து வைத்து உயிரோடு காப்பாற்றுவாள். "என்னம்மா, பாத்திரம் கழுவின தண்ணியையும் சேத்து வைக்கிறீங்க" என்பார் சார். இரண்டாவது, மெஷினில் வைப்பதற்கு முன் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துத் தன் கண்ணால் முழுக்கப் பார்ப்பாள். உயிருள்ள செல் உருண்டையாக மினுங்கும். செத்தது மங்கிச் சுருங்கித் தூளாகக் கிடக்கும். செத்த குழிகளை ஒரு கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் புள்ளி வைப்பாள். மெஷின் சொன்னதற்கும் தன் கண் சொன்னதற்கும் எத்தனை பொருந்தியது என்று வாரா வாரம் மதிய சாப்பாட்டுக்கு நடுவே பார்த்துக்கொள்வாள். அது அவளுக்கும் மெஷினுக்கும் நடக்கிற பந்தயம். பெரும்பாலும் இருபதுக்குப் பதினேழு, பதினெட்டு வரும். வராத இரண்டு மூன்றுக்கு மெஷினைத் திட்டுவாள்.

மூன்றாவது பழக்கம் சும்மாக் குழி. தட்டில் இரண்டாம் வரிசையில் இரண்டாவது குழியில் மட்டும் அவள் செல்லே விட மாட்டாள். காலியாகவே இருக்கும். ரிப்போர்ட்டில் அந்தக் குழி அந்த இடத்தில் காலியாகத் தெரிந்தால் தட்டு நேராக இருந்தது என்று பொருள். வேறு மூலையில் தெரிந்தால் ஆபத்து. பத்து வருஷத்தில் அது ஒரு தடவைகூட வேறு மூலையில் தெரிந்ததில்லை. அதனாலேயே அது சாருக்கு வீண் என்று பட்டது. போன மாதம் புதிதாக ஒரு மருந்து வந்தது, தட்டில் இடமில்லை.

"அந்தச் சும்மாக் குழியைக் குடுங்கம்மா. பத்து வருஷமா சும்மா உக்காந்திருக்கு."

"வாசக்காவல்காரனும் சும்மாதான் சார் உக்காந்திருக்காரு."

"அவரு சம்பளம் என் பட்ஜெட்ல இல்ல."

குழி போயிற்று. அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

நாற்பத்தொன்று வந்தது அதற்கப்புறம்தான். பிள்ளைகளின் பெயர் ஆய்வகத்துக்குத் தெரியாது, எண் மட்டும்தான். பெயர் தெரிந்தால் கை நடுங்கும் என்று அவளே அந்த விதியைக் கண்டிப்பாகப் பிடித்தாள். ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்க மாட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குளிர்ப்பெட்டியில் சுண்டுவிரல் அளவு டியூபில் நாற்பத்தொன்று வந்து இறங்கியது. கூட வந்த தாளில் நான்கு வரி: வயது ஆறு. நோய் இரண்டாம் முறை திரும்பியிருக்கிறது. இரண்டு வகைச் சிகிச்சைக்கும் அடங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

செல்கள் மிகக் குறைவு. பிரித்து எண்ணிப் பார்த்தபோது ஒரே ஒரு தட்டுக்குத்தான் வந்தது, அதுவும் ஒரு மருந்துக்கு ஒரே குழி, ஒரே அளவு என்று சிக்கனமாகப் போட்டால். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாள். டியூபை வழக்கம்போல அலசிக் கடைசிச் சொட்டை எடுத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தாள். தட்டு இன்குபேட்டருக்குள் போனது.

வியாழக்கிழமை ஏ.சி. ஒழுகியது. மெஷின் இருந்த மேசை மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். சார் ஓடி வந்து, மெஷினைத் தூக்கி எதிர்ப்பக்க மேசையில் வைக்கச் சொன்னார். நான்கு பேர் தூக்கினார்கள். ஜன்னலக்காதான் புது இடத்தைத் துணியால் துடைத்தாள், மின்கம்பியையும் செருகினாள்.

வெள்ளி காலை எட்டு மணிக்குத் தட்டை எடுத்தாள். மைக்ராஸ்கோப்பில் வைத்து, நோட்டில் பத்தொன்பது புள்ளி வைத்தாள். அதில் ஒன்று மூன்றாம் வரிசை ஏழாம் குழி. மற்றவற்றில் அங்கங்கே உயிர் மிச்சமிருந்தது; அங்கே துடைத்து வைத்தது போல ஒரு செல்லும் உயிரோடு இல்லை. பிறகு உயிருள்ள செல்லை ஒளிர வைக்கும் திரவத்தை எல்லாக் குழியிலும் விட்டு, தட்டை மெஷினில் வைத்தாள். எங்கே ஒளி இல்லையோ அங்கே உயிர் இல்லை என்று மெஷின் எழுதிக்கொண்டது. நோயாளியின் செல் இருந்த தட்டை ஒரு மணி நேரத்துக்குள் ப்ளீச் தொட்டியில் மூழ்கடிக்க வேண்டும் என்பது விதி. மூழ்கடித்தாள்.

பதினொரு மணிக்குக் கணினிக்காரர் ரிப்போர்ட்டை அச்செடுத்தார். அவர் பேச்சைச் செலவு செய்யாத மனிதர். அவரே "சார், இதைப் பாருங்க" என்று கூப்பிட்டார். பதினாலாம் வரிசை பதினெட்டாம் குழி. வேறு ஏதோ நோய்க்குப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் பழைய மருந்து ஒன்று நாற்பத்தொன்றின் செல்களைச் சுத்தமாக அழித்திருந்தது. இந்த நோய்க்கு இதை யாரும் யோசித்ததே இல்லை. சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. "இது மட்டும் நிஜமா இருந்தா..." என்று மூன்று தடவை தொடங்கினார், மூன்று தடவையும் வாக்கியம் முடியவில்லை. பதினொன்றரைக்கு ரிப்போர்ட் மருத்துவமனைக்குப் போனது. அங்கே பிள்ளையைப் பார்க்கிற டாக்டரம்மா, பெரிய மருத்துவர்களோடு பேசி, சாயங்காலமே மருந்தைத் தொடங்கப் பார்க்கிறோம் என்று பதில் எழுதினார்.

பன்னிரண்டரைக்கு ஜன்னலக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். வலது கையில் சாப்பாடு, இடது பக்கம் நோட்டு, நோட்டுக்குப் பக்கத்தில் ரிப்போர்ட். வாராவாரப் பந்தயம். முதல் புள்ளி பொருந்தவில்லை. இரண்டாவதும் இல்லை. பத்தொன்பதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

தட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கு விரல் நுனியில் இருக்கும். தட்டு திரும்பியிருந்தால் இரண்டு இடத்தின் வரிசை எண்ணையும் கூட்டினால் பதினேழு வரும். குழி எண்ணைக் கூட்டினால் இருபத்தைந்து வரும். மூன்றும் பதினாலும் பதினேழு. ஏழும் பதினெட்டும் இருபத்தைந்து. அடுத்த புள்ளி. அதற்கடுத்தது. பத்தொன்பதும் அப்படியே விழுந்தன.

ஒன்று அவள் நோட்டு தலைகீழ், இல்லையென்றால் மெஷின் பார்த்த தட்டு தலைகீழ்.

கையைக் கழுவிவிட்டு மெஷின் முன்னால் போய் நின்றாள். இல்லாத தட்டைக் கையில் பிடித்து, காலையில் வைத்த மாதிரியே வைத்துப் பார்த்தாள். மொட்டை மூலை ஜன்னல் பக்கம். தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஜன்னல் வலது கைப்பக்கம் இருந்தது.

மெஷின் எதிர்ப்பக்கம் மாறியிருந்தது. ஜன்னல் மாறவில்லை. பத்து வருஷமாக எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த மந்திரத்தை அவள் கை அட்சரம் பிசகாமல் செய்திருந்தது.

இந்த இடத்தில் அவள் மனதில் வேறு எதுவும் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. நோட்டை அவளைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. தட்டில் இருந்தது ப்ளீச்சில் கரைந்தாயிற்று. சும்மாக் குழியும் இல்லை. இரண்டு ஓரத்திலும் மருந்தில்லாத சோதனைக் குழிகள் ஒரே மாதிரி இருந்ததால் மெஷினுக்கும் சந்தேகம் வரவில்லை. சார் சந்தோஷமாக இருக்கிறார். வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த ஜன்மத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் தேடி எடுத்து மூடுகிற நேரம் அந்த நினைப்பு இருந்தது. மூடியதும் நோட்டை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனாள்.

"சார், தட்டைத் திருப்பி வச்சுட்டேன்."

சார் முதலில் சிரித்தார். பிறகு நோட்டைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார், பத்தொன்பது கூட்டல்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நோட்டுலதான் நீங்க தலைகீழா எழுதியிருக்கணும். மெஷின் தப்பு பண்ணாது."

"மெஷின் தப்பு பண்ணல சார். நான் குடுத்ததைப் படிச்சுது. ஜன்னலைப் பாருங்க."

அவர் எழுந்து போய் ஜன்னலைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். கெட்டிக்காரர், ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா இதை வச்சு ஒரு பிள்ளைக்கு மருந்து மாத்த முடியுமா? உங்க கை எப்படிப் போச்சுன்னு உங்க ஞாபகம்தானே சாட்சி?"

"மாத்த வேண்டாம் சார். நிறுத்தணும். நானே பேசுறேன்."

டாக்டரம்மாவுக்கு அவள்தான் போன் செய்தாள். சார் பக்கத்தில் நின்றார். அவள் நடந்ததைச் சுற்றி வளைக்காமல் நான்கு வாக்கியத்தில் சொன்னாள். அந்தப் பக்கம் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப மூணாம் வரிசை ஏழுல என்ன மருந்து?"

"உங்க அலமாரியில எப்பவும் இருக்கிற மருந்துதான் டாக்டர். இந்த நோய்க்கே குடுக்கிறது. ஆனா இந்தப் பிள்ளைக்கு இதுவரைக்கும் குடுக்கல."

"ரெண்டுல எதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்னு நினைக்கிறேன். நினைக்கிறது பத்தாது டாக்டர். கொஞ்சம் செல் மிச்சம் வச்சிருக்கேன். ரெண்டு நாள் குடுத்தா கண்ணால பாத்துச் சொல்றேன்."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் எப்படியாவது பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாது. புரியுதா?"

"புரியுது டாக்டர்."

போனை வைத்ததும்தான் சார் கேட்டார், "எந்த மிச்சம்?"

"பாத்திரம் கழுவின தண்ணி சார்."

அந்தக் கடைசிச் சொட்டில் எத்தனை செல் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணியபோது கணினிக்காரர்கூடத் தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து நின்றார். எட்டுக் குழிக்கு வந்தது. ஒன்பதுக்கு வரவில்லை. மூன்று குழிக்குப் பழைய மருந்து, மூன்று குழிக்கு அலமாரி மருந்து, இரண்டு குழிக்கு மருந்தே இல்லாமல் வெறும் செல். பக்கத்தில் ஒரு குழியைக் காலியாக விட்டாள். அந்தக் குழியை இந்தத் தடவை சார் கேட்கவில்லை.

சனிக்கிழமை வீட்டில் அவள் இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், இருந்த மாதிரி இல்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். மகள் ஒரு டம்ளரைக் கையில் பிடித்து, "அம்மா, இதை எந்தப் பக்கம் பாத்து வைக்கணும்?" என்று கேட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். கணவர் சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லாம விட்டிருந்தா இப்ப நிம்மதியா இருந்திருப்பியா?"

"அதுதான் இல்லையே."

"அப்புறம் என்ன? பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது சந்தேகம் வந்தா நான் இறங்கிப் பாத்துட்டுத்தான் ஏறுவேன். பின்னாடி இருக்கிறவன் ஹாரன் அடிப்பான். அடிச்சுட்டுப் போறான்."

"நான் இறங்கிப் பாக்காம ஏத்திட்டேனே."

"ஏத்தல. பிரேக் போட்டிருக்க. அந்தப் பிள்ளைக்கு இன்னும் எதுவும் ஆகல."

அவள் அழுதாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு மூன்று மணிக்கு ஆய்வகத்தில் மூன்றே பேர். வாடிக்கைப்படி மைக்ராஸ்கோப்பில் முதலில் பார்த்தாள். பார்த்ததைச் சொல்லவில்லை, சாரும் கேட்கவில்லை. நோட்டில் புள்ளி வைத்து நோட்டை மூடினாள். ஒளிரும் திரவத்தை விட்டாள். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மெஷின் முன்னால் நின்றவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"மெஷின்ல தட்டு வைக்கிற இடத்துல, முதல் குழிக்குன்னு பொறிச்ச எழுத்து எங்க இருக்குன்னு ஒருத்தர் படிங்க. என் தட்டுல எங்க இருக்குன்னு இன்னொருத்தர் படிங்க. நான் வெறுமனே வைக்கிறேன்."

சார் படித்தார். கணினிக்காரர் படித்தார். இருவரும் சரி என்ற பிறகு வைத்தாள். கதவு மூடிக்கொண்டது. இரண்டு நிமிஷம்.

சும்மாக் குழி தன் இடத்தில் இருட்டாக இருந்தது. மருந்தில்லாத இரண்டும் பளிச்சென்று ஒளிர்ந்தன. சாரின் பழைய மருந்து வைத்த மூன்றும் அதே அளவு பளிச்சென்று ஒளிர்ந்தன. நாற்பத்தொன்றின் செல்கள் அந்த மருந்தைச் சட்டை செய்யவே இல்லை. அலமாரி மருந்து வைத்த மூன்றும் அணைந்து கிடந்தன. அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். மூன்று புள்ளியும் அங்கேதான் இருந்தன.

சாருக்கு ஒரு கண்டுபிடிப்பு போயிற்று. அந்த மனிதரை மெச்சத்தான் வேண்டும், அதை நினைக்க அவர் ஒரு நொடிகூட எடுக்கவில்லை. போனை எடுத்து டாக்டரம்மாவின் எண்ணை அழுத்தி அவள் கையில் கொடுத்தார். "நீங்க சொல்லுங்க."

"மூணாம் வரிசை ஏழு, டாக்டர். இப்ப தெரியும்."

அன்று சாயங்காலமே மருந்து ஏறத் தொடங்கியது.

திங்கட்கிழமை தவறுகள் எழுதும் பதிவேட்டை அவள் எடுத்தாள். ஆய்வகத்தில் எல்லோரும் அதில் தவறு தானாக நடந்தது போல எழுதுவார்கள்: தட்டு திரும்பியது, குடுவை உடைந்தது, கதவு திறந்திருந்தது. அவள் எழுதியது: "தட்டைத் திருப்பி வைத்தது நான்." தேதி, கையெழுத்து. சார் பின்னால் நின்று படித்தார்.

"மெஷினை நகத்தச் சொன்னது நான். குழியைப் பிடுங்கினது நான். அதையும் சேத்து எழுதுங்க."

"அது உங்க கையெழுத்துல வரணும் சார்."

அவர் வாங்கி எழுதினார். சும்மாக் குழி மறுபடி தன் இடத்துக்கு வந்தது. மெஷினில் தட்டு வைக்கிற இடத்தில் முதல் எழுத்துப் பக்கம் ஒரு சிவப்புக் கோடு போட்டார்கள். மந்திரம் இப்போது "எழுத்தைப் படி, ஜன்னலைப் பாக்காதே" என்று மாறிவிட்டது. பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை. ஏன் அந்தப் பெயர் என்று புதிதாக வருகிறவர் கேட்டால் அவளே பதிவேட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தைக் காட்டுவாள். செய்த தவறைக் காட்டி வேலை சொல்லிக்கொடுக்கிற ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் குளிர்ப்பெட்டி வரும்போது அவள் முதலில் எண்களைத்தான் பார்த்தாள். நோய் திரும்பினால் அதே எண் திரும்பி வரும். நாற்பத்தொன்று வரவில்லை. ஒரு மாதம் வரவில்லை, மூன்று மாதம் வரவில்லை. வராமல் இருப்பதற்கு இரண்டு காரணம் இருக்க முடியும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. அவள் போட்ட விதி, அவளே உடைக்கக் கூடாது.

பதினோராம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நாற்பத்தொன்று வந்தது.

கூட வந்த தாளில் ஒரே வரி: "நோய்ச் செல்களைப் பிரித்துத் தட்டுப் போடவும்." உடனே வேலையில் உட்கார்ந்தாள். பிரிக்கிற வேலை இரண்டு மணி நேரம். முடிவில் நோய்ச் செல்கள் விழ வேண்டிய கிண்ணத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஒன்றுமில்லை. வேலையில் ஏதோ பிசகிவிட்டது என்று நினைத்தாள். அவள் அப்படித்தான் நினைப்பாள். மறுபடி முதலிலிருந்து பிரித்தாள். ஒன்றுமில்லை. டியூபை அலசி, சுழற்றி, கடைசிச் சொட்டையும் எடுத்துப் பார்த்தாள். நல்ல செல்கள் உருண்டு மினுங்கிக்கொண்டிருந்தன. கெட்டது ஒன்றுகூட அகப்படவில்லை.

போன் செய்தாள்.

"டாக்டர், நாப்பத்தொண்ணு... தட்டுப் போட முடியல. இதுல கொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"கழுவின தண்ணி வரைக்கும் பாத்துட்டேன் டாக்டர்."

அந்தப் பக்கம் டாக்டரம்மா சிரித்தார்.

"எங்க லேப்ல போன வாரமே இல்லைன்னுட்டாங்க. எனக்கு நீங்க சொல்லணும். அதுக்குத்தான் அனுப்பினேன்."

இதோடு எல்லாம் முடிந்தது என்று அவர் சொல்லவில்லை. இன்னும் பல வருஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நோய் அது. அவளும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, நாற்பத்தொன்றுக்கென்று காலையிலேயே எடுத்து வைத்திருந்த புதுத் தட்டைப் பார்த்தாள். உறைகூடப் பிரிக்கவில்லை. அதை எடுத்துப் போய் அலமாரியில் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்தாள்.